தோற்றவருக்கே முதல் தேர்வு: என்எச்எல் பிளேஆஃப், டிராஃப்ட் முறைகளை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் சீசன் முடியும்போது கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளிப் பட்டியல். அதன் மேல்பாதியை வைத்து யார் யாரோடு பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) ஆடுவது என்று முடிவாகிறது. கீழ்ப்பாதியை வைத்து, ‘டிராஃப்ட்’ எனும் தேர்வில் அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று முடிவாகிறது. பல வருடங்களாக இந்த இரண்டு பாதிகளைப் பற்றியும் புகார் உண்டு. மேலே, நன்றாக ஆடிய அணிக்குக் கடினமான எதிரணி வாய்த்துவிடுகிறது. கீழே, மோசமாக ஆடிய அணிக்குப் பரிசு கிடைக்கிறது. சீர்திருத்தம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

முதலில் அமைப்பு. லீக்கில் 32 அணிகள். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள் கொண்ட இரண்டு டிவிஷன். ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம். 2026-27 முதல் 84. வெற்றிக்கு 2 புள்ளி. வழக்கமான 60 நிமிடத்தில் தோற்றால் ஒன்றுமில்லை. சமநிலைக்குப் பிறகு ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (மாறி மாறித் தனியாளாகக் கோல் முயற்சி) தோற்றால் 1 புள்ளி. பிளேஆஃபுக்குப் போவது 16 அணிகள். நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் ஜெயிப்பவர் மேலே போவார். கடைசியில் நிற்பவருக்கு ஸ்டான்லி கோப்பை.

மேல்பாதியின் சிக்கல்

2013-14 முதல் நடப்பில் உள்ள முறை இது. ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் மூன்று இடங்களுக்கு நேரடி நுழைவு. அதற்கு அடுத்து, ஒவ்வொரு கான்ஃபரன்சிலும் மீதமுள்ள அணிகளில் அதிகப் புள்ளி எடுத்த இரண்டுக்கு ‘வைல்டு கார்டு’. முதல் சுற்றில் டிவிஷனின் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதும். டிவிஷனில் முதலிடம் பிடித்த அணி வைல்டு கார்டு அணியோடு மோதும். இரண்டாம் சுற்றிலும் அதே டிவிஷன் கட்டத்துக்குள்தான் ஆட்டம்.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரே டிவிஷனில் மூன்று வலுவான அணிகள் சேர்ந்துவிட்டால்தான் கதை மாறுகிறது. 2016-17 சீசனைப் பாருங்கள். மெட்ரோபாலிட்டன் டிவிஷனில் வாஷிங்டன் 118 புள்ளி, பிட்ஸ்பர்க் 111, கொலம்பஸ் 108. மொத்த லீக்கையும் வரிசைப்படுத்தினால் இவை முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம். ஆனால் இரண்டாமிடமும் நான்காமிடமும் முதல் சுற்றிலேயே மோதின. அதில் ஜெயித்த பிட்ஸ்பர்க் அடுத்த சுற்றில் சந்தித்தது, லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த வாஷிங்டனை. அதே கிழக்கில், 98 புள்ளி எடுத்த ஒட்டாவா அதன் டிவிஷனில் இரண்டாமிடம் என்பதால், 95 புள்ளி எடுத்த பாஸ்டனோடு சொந்த ஊர்ச் சாதகத்தோடு தொடங்கியது. 108 எடுத்தவர் எதிரணி ஊருக்குப் பயணம் போக, 98 எடுத்தவர் வீட்டிலிருந்தே தொடங்குகிறார். புகாரின் மையம் இதுதான்.

அடுத்த ஆண்டு மேற்கில் அதே கூத்து. லீக்கின் முதல் இரண்டு இடங்கள் நாஷ்வில் (117), வின்னிபெக் (114). இரண்டும் சென்ட்ரல் டிவிஷன். மேற்கின் கடைசிச் சுற்றாக இருந்திருக்க வேண்டிய தொடர் இரண்டாம் சுற்றிலேயே ஏழு ஆட்டம் ஓடி முடிந்துபோனது.

இன்னொரு பக்க விளைவு, ஒரே ஜோடி திரும்பத் திரும்ப மோதுவது. எட்மன்டனும் லாஸ் ஏஞ்சலிஸும் 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றில் மோதின. நான்கிலும் எட்மன்டனுக்கே வெற்றி. டொராண்டோவும் பாஸ்டனும் 2018, 2019, 2024 மூன்றிலும் முதல் சுற்றில் மோதி, மூன்று முறையும் ஏழாவது ஆட்டத்தில் டொராண்டோ வெளியேறியது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டிவிஷன் முறை கொண்டுவந்ததே ‘பகை வளரட்டும்’ என்றுதான். பகை வளர்ந்தது உண்மை. நான்காவது முறை பார்க்கும்போது அலுப்பும் சேர்ந்தே வளர்கிறது.

மாற்று ஒன்று: கான்ஃபரன்சுக்குள் 1 முதல் 8

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2013 வரை இருந்ததே இதுதான். கான்ஃபரன்சின் முதல் எட்டு அணிகளை வரிசைப்படுத்தி, 1-க்கு 8, 2-க்கு 7, 3-க்கு 6, 4-க்கு 5 என்று ஜோடி சேர்ப்பது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மறுபடி வரிசைப்படுத்தி, மிஞ்சியவர்களில் உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கு மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பவரை எதிரணியாகத் தருவது. பழைய முறையில் ஒரு குறை இருந்தது. டிவிஷன் முதலிடங்களை அவர்களின் புள்ளி எவ்வளவாக இருந்தாலும் மேலே தூக்கி வைப்பார்கள். அந்தச் சலுகையை எடுத்துவிட்டால் முறை சுத்தமாகிவிடும்.

என்ன வித்தியாசம் வரும் என்பதை 2024-25 மேற்குக் கான்ஃபரன்சை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். புள்ளி வரிசை இது: வின்னிபெக் 116, வேகஸ் 110, டல்லஸ் 106, லாஸ் ஏஞ்சலிஸ் 105, கொலராடோ 102, எட்மன்டன் 101, மினசோட்டா 97, செயின்ட் லூயிஸ் 96. இப்போதைய முறையில் மூன்றாமிடம் டல்லஸுக்கு ஐந்தாமிடம் கொலராடோ வந்தது. நான்காமிடம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஆறாமிடம் எட்மன்டன். அதாவது மேலே இருந்தவருக்குக் கடினமான எதிரணி. டல்லஸ்–கொலராடோ தொடர் ஏழு ஆட்டம் போனது. 1–8 முறையில் டல்லஸுக்கு எட்மன்டனும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொலராடோவும் வந்திருக்கும். மற்ற இரண்டு ஜோடிகளும் அப்படியே இருந்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1–8 முறை உங்கள் அணிக்கு எளிய எதிரணியைத் தரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மேற்சொன்ன கணக்கில் டல்லஸுக்கு வந்திருக்கும் எட்மன்டன்தான் அந்த ஆண்டு இறுதிச் சுற்று வரை போனது. முறை தருவது நியாயத்தை, அதிர்ஷ்டத்தை அல்ல. சீர்திருத்தம் பேசும் ரசிகர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

மாற்று இரண்டு: லீக் முழுக்க 1 முதல் 16

கான்ஃபரன்சே வேண்டாம், மொத்தமாக முதல் 16 அணிகளை எடுக்கலாம் என்பார்கள் சிலர். 1980, 1981 பிளேஆஃப்களில் இப்படித்தான் நடந்தது. இதற்கு ஆதரவாக வலுவான எடுத்துக்காட்டும் 2024-25லேயே இருக்கிறது. மேற்கில் கால்கரி 96 புள்ளி எடுத்தும் வெளியே நின்றது. செயின்ட் லூயிஸும் அதே 96தான். ஆனால் 60 நிமிடத்துக்குள் ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கையில் கால்கரி பின்தங்கியது. கிழக்கிலோ 91 புள்ளியோடு நியூ ஜெர்ஸியும் மான்ட்ரியலும் உள்ளே போயின.

இருந்தும் இந்த மாற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் அட்டவணை. 82 ஆட்டத்தில் ஓர் அணி தன் டிவிஷனோடு 26, கான்ஃபரன்சின் மற்ற டிவிஷனோடு 24, எதிர்க் கான்ஃபரன்சின் 16 அணிகளோடு தலா 2 வீதம் 32 ஆட்டம் ஆடுகிறது. ஆக, கால்கரியின் 96-ம் மான்ட்ரியலின் 91-ம் ஒரே தேர்வுத்தாளில் எடுத்த மதிப்பெண்கள் அல்ல. பயணமும் சேர்ந்துகொள்கிறது. வான்கூவரும் ஃப்ளோரிடாவும் முதல் சுற்றில் மோதினால் கண்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஏழு ஆட்டத்துக்குள் பலமுறை பறக்க வேண்டும். இரண்டுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். மேற்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்கே இரவு பத்துக்கு. ஓவர்டைம் போனால் அங்கே பார்க்க யாரும் விழித்திருக்கமாட்டார்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ளாது.

கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல 7 முதல் 10 வரையிலான இடங்களுக்கு ஒரு குட்டி நுழைவுச் சுற்று வைக்கலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. பாதி அணிகள் ஏற்கெனவே உள்ளே போகும் லீக்கில் கதவை மேலும் அகலப்படுத்துவானேன்?

ஒரு புள்ளி செய்யும் கோளாறு

ஜோடி சேர்ப்பதற்கு முன்னால், அந்த வரிசையே சரியா என்று கேட்க வேண்டும். ஓவர்டைமில் தோற்றவருக்கு ஒரு புள்ளி என்ற விதி 1999-2000ல் வந்தது. 2005-06ல் ஷூட்அவுட் வந்து டிரா ஒழிந்தது. விளைவாக, 60 நிமிடத்தில் முடியும் ஆட்டத்தில் மொத்தம் 2 புள்ளி, அதைத் தாண்டினால் 3. கடைசி ஐந்து நிமிடம் சமநிலையில் இருக்கும் இரண்டு அணிகளின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். ரிஸ்க் எடுத்தால் ஒன்றுமில்லாமல் போகலாம். பாதுகாப்பாக ஆடினால் ஒரு புள்ளி நிச்சயம். பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் வந்து நிற்பார்கள்.

மருந்து கைவசம் இருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் நடைமுறையில் இருப்பது 3-2-1-0: அறுபது நிமிட வெற்றிக்கு 3, ஓவர்டைம் அல்லது ஷூட்அவுட் வெற்றிக்கு 2, அதில் தோற்றால் 1, அறுபது நிமிடத்தில் தோற்றால் 0. எல்லா ஆட்டத்துக்கும் மொத்தம் மூன்றே புள்ளி என்பதால் காற்றிலிருந்து புள்ளி முளைக்காது. என்எச்எல் இதை எடுக்காததற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. இப்போதைய முறையில் இடைவெளிகள் சிறியதாகத் தெரிகின்றன, மார்ச் வரை பல அணிகளுக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது, டிக்கெட் விற்கிறது. 3-2-1-0 வந்தால் நல்ல அணி வேகமாக மேலே போய்விடும், மோசமான அணி வேகமாகக் கீழே போய்விடும்.

கீழ்ப்பாதி: டிராஃப்ட்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் விநோதமாகத் தோன்றும். இங்கே பணம் பேசாது. 18 வயது நிரம்பும் இளைஞர்களை, ஏழு சுற்றுகளில், 32 அணிகளும் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். மொத்தம் 224 தேர்வுகள். பெயர் சொல்லப்பட்ட ஆட்டக்காரர் அந்த அணியோடுதான் பேச வேண்டும். முதல் ஒப்பந்தத்துக்குச் சம்பள உச்சவரம்பும் உண்டு. அதனால் ஒரு மகத்தான ஆட்டக்காரர் கிடைத்தால் அவரைச் சில ஆண்டுகளுக்கு மலிவாக வைத்திருக்கலாம்.

வரிசை? கடைசியில் வந்தவருக்கு முதல் தேர்வு. பலவீனமானவர் தேறட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 1983-84ல் பிட்ஸ்பர்க் 38 புள்ளியோடு கடைசியில் வந்து மரியோ லெமியூ என்ற மகத்தான ஆட்டக்காரரை எடுத்தது. நியூ ஜெர்ஸி மூன்றே புள்ளி அதிகம் எடுத்து அவரைத் தவறவிட்டது. 1991, 1992 ஆண்டுகளில் கோப்பை பிட்ஸ்பர்க்குக்குப் போனது. தோல்விக்கு என்ன விலை கிடைக்கும் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. 1993ல் ஒட்டாவா வேண்டுமென்றே தோற்றதா என்று லீக் விசாரணை வைக்கும் அளவுக்குச் சந்தேகம் எழுந்தது. 1995 முதல் குலுக்கல் வந்தது.

குலுக்கல் நடக்கும் விதம் எளிமையானது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஒரு எந்திரத்தில் சுழலும். நான்கு பந்துகள் வெளியே வரும். வரிசை பார்க்காமல் 14-ல் 4 எடுக்க 1,001 வழிகள். அதில் ஒரு சேர்க்கையை ஒதுக்கிவைத்திருப்பார்கள்; அது வந்தால் மறுகுலுக்கல். மீதி 1,000 சேர்க்கைகளையும் பிளேஆஃபுக்குப் போகாத 16 அணிகளுக்குப் பங்கிட்டிருப்பார்கள். கடைசி அணிக்கு 185 சேர்க்கைகள், அதாவது 18.5%. அடுத்தவர்களுக்கு 13.5, 11.5, 9.5 என்று குறைந்துகொண்டே போய், பதினாறாமவருக்கு 0.5%. இப்படி இரண்டு குலுக்கல், முதல் இரண்டு இடங்களுக்கு.

2022 முதல் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள். குலுக்கலில் ஜெயித்தாலும் பத்து இடத்துக்கு மேல் தாவ முடியாது. ஐந்து ஆண்டில் ஓர் அணி இரண்டு முறைக்கு மேல் குலுக்கலில் முன்னேற முடியாது. முதல் கட்டுப்பாட்டால் வரும் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. கீழிருந்து 12 முதல் 16 வரையுள்ள அணிகளின் எண் விழுந்தால் அவர்களால் முதலிடத்துக்கு எட்ட முடியாது. முதல் தேர்வு கடைசி அணியிடமே தங்கிவிடும். அந்த ஐந்து அணிகளின் பங்கு மொத்தம் 7%. ஆக, கடைசி அணியின் உண்மையான வாய்ப்பு 25.5%. அதற்கு மேல் ஒரு இடம் ஏறினால் 13.5%. ஒரே படியில் வாய்ப்பு பாதியாகிறது. கடைசியில் வந்தால் மூன்றாம் தேர்வுக்குக் கீழே போகவே மாட்டோம் என்ற காப்பீடும் இருக்கிறது. தோற்பதைத் தடுக்க வந்த குலுக்கல், கடைசி இடத்துக்கு மட்டும் இன்னும் நல்ல விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதேசமயம் குலுக்கல் உண்மையிலேயே பலவீனமானவரை அடிக்கவும் செய்யும். 2016 முதல் சில ஆண்டுகள் மூன்று இடங்களுக்குக் குலுக்கினார்கள். அதனால் கடைசி அணி நான்காம் தேர்வு வரை விழ முடிந்தது. 2017ல் வெறும் 48 புள்ளி எடுத்த கொலராடோ நான்காவதுக்கு விழுந்தது. 2020ல் டிட்ராய்ட்டுக்கும் அதே கதி. (கொலராடோ அந்த நான்காம் தேர்வில் எடுத்தது கேல் மகார் என்ற தடுப்பாட்டக்காரரை, 2022ல் கோப்பை வந்தது. இளைஞர்களை இனம் காண்பதும் வரிசை எண் அளவுக்கு முக்கியம்.) 2025ல் 3.5% வாய்ப்போடு பத்தாமிடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது நியூயார்க் ஐலண்டர்ஸ்.

வேண்டுமென்றே தோற்பதை ‘டேங்கிங்’ என்பார்கள். இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. பனியில் நிற்கும் ஆட்டக்காரர் தோற்க ஆடுவதில்லை. அவருக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டும். டேங்கிங் நடப்பது மேலாளர் அறையில். மார்ச் மாதம் ஆட்டக்காரர் பரிமாற்றக் கெடு முடிவதற்குள் அனுபவசாலிகளை விற்றுவிடுவது, லேசான காயத்துக்கும் நீண்ட ஓய்வு கொடுப்பது, இரண்டாம் நிலை லீக்கிலிருந்து பையன்களைக் கூட்டிவந்து நிறுத்துவது. 2015ல், கானர் மெக்டேவிட் என்ற அபூர்வ இளம் ஆட்டக்காரர் டிராஃப்டில் கிடைக்கவிருந்த ஆண்டில், பஃபலோ ரசிகர்கள், தங்கள் சொந்த அரங்கில், அரிசோனா ஓவர்டைமில் கோல் போட்டபோது ஆரவாரம் செய்தார்கள். கடைசி இடத்துக்கு இரண்டு அணிகளுக்கும் போட்டி! பஃபலோ கடைசி இடத்தைப் பிடித்தது. 20% வாய்ப்பும் பிடித்தது. குலுக்கலில் ஜெயித்தது 11.5% வைத்திருந்த எட்மன்டன்.

‘கோல்டு திட்டம்’

2012ல் ஆடம் கோல்டு என்பவர் ஒரு விளையாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் முன்வைத்த யோசனை இது. குலுக்கல் வேண்டாம். பிளேஆஃப் வாய்ப்பு கணக்குப்படி முடிந்துபோன நாளிலிருந்து ஓர் அணி எடுக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். யார் அதிகம் எடுக்கிறாரோ அவருக்கே முதல் தேர்வு.

‘கணக்குப்படி முடிந்துபோவது’ என்றால் என்ன? ஓர் அணியிடம் 46 புள்ளி, மிச்சம் 15 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஜெயித்தாலும் 46 + 30 = 76. கடைசி பிளேஆஃப் இடத்தில் இருப்பவர் இன்றே 77 வைத்திருந்தால் கதை முடிந்தது. நாளை முதல் அந்த அணியின் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அந்த 15-ல் 5 ஜெயித்து, 2 ஓவர்டைமில் தோற்றால் 12 புள்ளி. இன்னொரு அணிக்கு 6 ஆட்டம் மிச்சமிருக்கும்போது வாய்ப்பு முடிகிறது. அது 5 ஜெயித்தாலும் 10 புள்ளிதான். முதல் தேர்வு முன்னவருக்கு. யோசனையின் அழகு இங்கேதான் இருக்கிறது: பலவீனமான அணிக்குக் கூடுதல் ஆட்டங்கள் தானாகவே கிடைக்கின்றன, ஆனால் அவற்றை ஜெயித்தாக வேண்டும். மேலாளரும் மார்ச்சில் அணியை முழுக்க விற்றுத் தீர்க்க யோசிப்பார்.

வட அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் லீக்கான பிடபிள்யூஎச்எல், 2024ல் தொடங்கிய முதல் சீசனிலேயே இதை எடுத்துக்கொண்டது. 3-2-1-0 புள்ளி முறையையும் சேர்த்தே. முதல் இரண்டு டிராஃப்ட்களிலும் முதல் தேர்வு நியூயார்க்குக்குக் கிடைத்தது. இரண்டு முறையும் பட்டியலில் கடைசி அணி அதுதான். அதாவது உதவி தேவைப்பட்டவருக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அப்போது அங்கே ஆறே அணிகள், நான்கு பிளேஆஃபுக்குப் போகும். வாய்ப்பு முடிவது சீசனின் கடைசி நாட்களில்தான். எண்ணுவதற்குக் கைவிரல் போதும். பெரிய லீக்குக்கு இதை அப்படியே சான்றாகக் காட்ட முடியாது.

அந்த லீக்கின் இன்னொரு புதுமை பிளேஆஃபில். முதலிடம் பிடித்த அணி, அரையிறுதியில் மூன்றாமிடத்தோடு ஆடுவதா நான்காமிடத்தோடு ஆடுவதா என்று தானே தேர்ந்தெடுக்கலாம். 2024ல் டொராண்டோ, தொடர்ந்து தோற்றுக்கொண்டு வந்த நான்காமிட மினசோட்டாவைத் தேர்ந்தெடுத்து, 2-0 என்று முன்னிலை பெற்று, 3-2 என்று தோற்றது. மினசோட்டா கோப்பையையும் தூக்கியது. 2025ல் மான்ட்ரியல் உஷாராகி மினசோட்டாவை விட்டுவிட்டு மூன்றாமிட ஒட்டாவாவைத் தேர்ந்தெடுத்து, அதுவும் தோற்றது. கோப்பை? மறுபடி மினசோட்டா. தேர்வு தவறினாலும் அட்டவணையைப் பழிக்க வழியில்லை என்பதே இந்த முறையின் பெரிய பலன்.

என்எச்எல்லுக்குக் கோல்டு திட்டம் வந்தால் எங்கே இடறும்? மூன்று இடங்களில். முதலாவது, ஓவர்டைம் புள்ளியால் பல அணிகளின் வாய்ப்பு மார்ச் கடைசி வரையோ ஏப்ரல் வரையோ இழுத்துக்கொண்டிருக்கும். எண்ணும் காலம் சுருங்கி, காயம், எதிரணி வரிசை போன்ற தற்செயல்கள் முடிவைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 3-2-1-0 முதலில், கோல்டு திட்டம் பிறகு என்ற வரிசையில் செய்ய வேண்டும். இரண்டாவது, சீக்கிரம் வாய்ப்பிழப்பதே லாபம் என்றால் அக்டோபரிலேயே தோற்கத் தொடங்கலாமே என்ற ஆசை. இது பெரிய ஆபத்தல்ல. அக்டோபரில் அணியைச் சிதைத்துவிட்டு மார்ச்சில் ஜெயிக்கும் அணியை எங்கிருந்து கொண்டுவருவது?

மூன்றாவதுதான் உண்மையான முடிச்சு: விற்கப்பட்ட தேர்வுகள். என்எச்எல்லில் வரும் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வை இன்றே வேறு அணிக்குக் கொடுத்துவிடலாம். ஒட்டாவா 2017ல் மாட் டுஷேன் என்ற ஆட்டக்காரரை வாங்கியபோது கொடுத்த விலையில் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் அடக்கம்; அது 2019 தேர்வாகக் கொலராடோவுக்குப் போனது. 2018-19ல் ஒட்டாவா லீக்கிலேயே கடைசி. இன்றைய முறையில் அதற்குத் தோற்கக் காரணம் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. கோல்டு திட்டம் இருந்திருந்தால், ஒட்டாவாவின் ஒவ்வொரு மார்ச் வெற்றியும் கொலராடோவின் தேர்வை மேலே தள்ள உதவியிருக்கும். அடுத்தவன் வயலுக்கு யார் தண்ணீர் இறைப்பார்கள்? இதற்கு வழி, முதல் சுற்றுத் தேர்வு கைமாறியிருந்தால் அந்தத் தேர்வுக்குக் கோல்டு கணக்கை விட்டுவிட்டு, வாய்ப்பிழந்த தேதி வரிசைப்படி இடம் தருவது. வாங்குகிற அணிக்கும் தான் எதை வாங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.